ஒரு கன்றுக்கு ஒரு கிட்டார்

அத்தியாயம் 9

"ஒரு நிமிசம் குடு, கம்பி மாத்திட்டுத் தரேன்" என்று, கலைமணிக்கு இரவல் தந்திருந்த தன் கிட்டாரைப் போன வாரம் திரும்ப வாங்கிக்கொண்டு போன குரு, இந்த வாரமும் கம்பி மாற்றிக்கொண்டுதான் இருக்கிறான். உலகத்திலேயே நீளமான கம்பி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கலைமணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. இரவல் கிட்டார் போனது போனதுதான். பிரபாகரின் இன்னிசைக் குழுவில் காலியாக இருக்கும் அந்த ஒற்றை இடத்தின் மேல் குருவுக்கும் ஒரு கண்.

பிரபாகர் கறாரான ஆள். "சொந்தமா எலக்ட்ரிக் கிட்டாரு, அத அலற வெக்கிற ஆம்ப்பு, ரெண்டும் இருந்தா சனிக்கெழம சாயங்காலம் வா. இல்லாட்டி அந்த எடம் குருவுக்கு" என்று சொல்லிவிட்டார். கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. போன வருஷத் திருவிழாவில் இரவல் கிட்டாரோடு ஒருவன் வாசிக்க, பாட்டுப் பாதியில் உடைமைக்காரர் மேடையேறி அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். மீதிப் பாட்டு கிட்டார் இல்லாமலே நடந்தது. ஜனங்கள் அந்தப் பாதிதான் நன்றாக இருந்தது என்றார்கள். பிரபாகருக்குக் கோபமே அதில்தான்.

கலைமணியின் அப்பா தீர்த்தகிரி தக்காளிக்காரர். தக்காளியை நம்பிக் கிட்டார் வாங்க முடியாது. அந்த மாதம் பாலக்கோடு மண்டியில், தக்காளியைக் கொட்டிவிட்டுக் கூடையை விற்றிருந்தால் லாபம் பார்த்திருக்கலாம். விலை கட்டாமல் ஒருவர் லோடு வண்டியை அப்படியே மண்டியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாராம். திரும்பி வந்து பார்த்தால் வண்டியில் நாலு கூடை கூடுதலாக இருந்ததாம்.

ஆகவே தீர்த்தகிரி செவலைக் கிடாரிக் கன்றை விற்றார். பஞ்சப்பள்ளி நஞ்சம்மாள் வாங்கிக்கொண்டாள். "கிடாரிய வித்துக் கிட்டாரு வாங்கறாராம்" என்று டீக்கடையில் ஒரு வாரமாக அதே சிரிப்பு. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காதில் போட்டுக்கொள்ள வேண்டிய இடத்தில் பேச்சே இல்லை. மனைவி மாதம்மாள் கன்று போன நாளிலிருந்து அவரோடு பேசவில்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், எல்லாம் பேசாமல். செவலையின் பழைய கயிறு மட்டும் கொட்டகை ஆணியில் தொங்கியது. மாட்டை விற்றாலும் கயிற்றை யாரும் கொடுப்பதில்லை. கயிற்றோடு வீட்டு அதிர்ஷ்டமும் படி இறங்கிவிடும். நஞ்சம்மாளும் முறை தெரிந்தவள். தன் வீட்டுப் புதுக் கயிற்றைக் கொண்டுவந்து மாட்டித்தான் ஓட்டிப் போனாள்.

கலைமணி இத்தனை நாள் கொட்டகையில் உட்கார்ந்துதான் வாசித்துப் பழகினாள். சரியாக வாசித்தால் செவலை அசைபோடுமாம். சுருதி தப்பினால் மெல்லுவதை நிறுத்திவிட்டு முறைக்குமாம். இது தீர்த்தகிரி சொன்னது. ஆகவே பாதியை நம்பலாம்.

சனிக்கிழமை காலை அப்பாவும் மகளும் மாரண்டஹள்ளியில் தருமபுரிக்கு பஸ் ஏறினார்கள்.

*

கடைச் சுவர் நெடுகக் கிட்டார்கள் வரிசையாகத் தொங்கின. சந்தையில் கட்டிய மாடுகள் போலிருந்ததைப் பார்த்ததும் தீர்த்தகிரிக்குத் தைரியம் வந்தது. மாடு பார்ப்பதில் அவர் கெட்டிக்காரர். பல்லைப் பிடித்துப் பார்த்தே அதன் பாட்டனார் எந்த ஊர் என்று சொல்லிவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. பேசினவர் அவரேதான்.

கடைக்காரர் நிசார் அகமது ஸ்டூல் எடுத்துப் போட்டார். தீர்த்தகிரி உட்காரவில்லை. நேராகப் போய் ஒரு சிவப்புக் கிட்டாரின் கம்பியைச் சுண்டினார்.

கொசு இருமியது போல ஒரு சத்தம் வந்தது.

"என்னங்க பாய், இது ஊமையா?"

"கரண்ட் குடுத்தாத்தாங்க பேசும்."

"சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா?"

"அப்பா!" என்றாள் கலைமணி.

"கேட்டு வெச்சுக்கறது நல்லது பாப்பா. நம்மூர்ல த்ரீ ஃபேஸ் எப்ப வரும்னு எவனுக்குத் தெரியும்? ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் போயி வாசிக்க முடியுமா?"

"ஆம்ப்புனு ஒரு பொட்டி இருக்குதுங்க" என்றார் நிசார் அகமது, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அத வூட்டு ப்ளக்ல குத்தி, இதையும் அதையும் ஒயர்ல சேத்தா போதும். ஃபேன் போடற கரண்ட்டுதான்."

கலைமணி ஒவ்வொரு கிட்டாராக எடுத்தாள். நிறத்தையோ விலைச் சீட்டையோ பார்க்கவில்லை. மடியில் வைத்து இடது கையைக் கழுத்து நெடுக மேலும் கீழும் ஓட்டுவாள். தலையாட்டுவாள். வைத்துவிடுவாள். அடுத்தது.

தீர்த்தகிரியின் கண் சிவப்பைவிட்டு நகரவில்லை. பளபளவென்று எண்ணெய் தேய்த்து நிறுத்தின மாதிரி இருந்தது. அசல் செவலையின் நிறம். அதை வாங்கிப் போனால் மாதம்மாளும் பேசிவிடுவாள் என்று அவர் மனசுக்குள் ஒரு கணக்கு.

"பாய், உங்க அப்பா காரிமங்கலம் சந்தையில மாட்டுத் தரகு பண்ணாருன்னு கேள்வி."

"ஆமாங்க. செத்துப் போற வரைக்கும்."

அவ்வளவுதான். தீர்த்தகிரி தோள் துண்டை உதறி நிசார் அகமதுவின் வலது கை மேல் போட்டார். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்தார். விரலுக்கு ஆயிரம். பேச்சு கிடையாது. சந்தையில் விலை படிவது அப்படித்தான். பக்கத்தில் நிற்கிறவனுக்கும் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது.

நிசார் அகமது ஒரு கணம் திகைத்தார். பிறகு அவர் கை தானாகவே பேச ஆரம்பித்தது. ரத்தம் மறக்குமா? ஐந்து, ஐந்து, மூன்று. தீர்த்தகிரி ஒரு விரலை மடக்கினார். அவர் நீட்டினார். இவர் மறுபடி மடக்கினார். படிந்தது. பன்னிரண்டு. மீதிக்குச் சின்ன ஆம்ப் ஒன்று. கன்று விற்ற பணம் மொத்தத்துக்கும் சரி என்று தீர்த்தகிரி வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"பாப்பா, முடிஞ்சுது! செவப்பு!"

கலைமணி திரும்பினாள். அவள் கையில் ஒரு சாம்பல் நிறக் கிட்டார் இருந்தது. மழையில் நனைந்து காய்ந்த எருமை போல, பார்க்க ஒன்றுமில்லாதது. ஆனால் அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

"ப்பா, நான் இன்னும் பாத்து முடிக்கல."

"வெரலப் பிடிச்சாச்சு கண்ணு. இனி மாத்திப் பேசுனா மரியாத கெட்டுப் போயிரும். நம்ம வம்சத்துல வெரல் பிடிச்சுட்டு வாக்கு மாறினவன் இல்ல."

கலைமணி அப்பாவைப் பார்த்தாள். சிவப்பைப் பார்த்தாள். முகம் சுண்டியது. பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"நடை பாத்தீங்களா?"

"என்னது?"

"வெரல் பிடிச்சாலும், நடத்திப் பாக்காம எவனாவது கயித்தப் பிடிப்பானா? நொண்டியா இருந்தா வெரல் செல்லாது. தெனமும் சோத்துல கைய வெச்சுக்கிட்டு இதத்தான சொல்றீங்க? எனக்குக் காது புளிச்சுப் போச்சு."

தீர்த்தகிரி துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நியாயந்தாங்க" என்றார் நிசார் அகமது. "எங்கப்பா இருந்திருந்தா இதேதான் சொல்வாரு. நடத்திப் பாரும்மா."

கலைமணி சிவப்பை எடுத்தாள். அதன் அடிப்பக்கத்தைக் கன்னத்தோடு வைத்து, ஒரு கண்ணை மூடி, கழுத்து நெடுகப் பார்த்தாள். பாத்தி நேராக இருக்கிறதா என்று பார்ப்பது போலிருந்தது.

"கழுத்து வளஞ்சிருந்தா அதுக்குள்ள இருக்கற இரும்புக் கம்பிய முடுக்கி நிமித்திரலாங்க. இது முறுகிக் கெடக்குது. ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் எறங்கி."

உட்கார்ந்து வாசித்தாள். கீழ்க் கட்டைகளில் ஒழுங்காகப் பேசின கம்பிகள், கை மேலே போகப் போக ஜிர்ர்ர் என்று தகர டப்பாவில் மாட்டிக்கொண்ட வண்டு போல அடித்துக்கொண்டன.

"முட்டி தட்டுதுப்பா."

தீர்த்தகிரிக்குக் காதில் விழுந்தது. சந்தேகமே இல்லை, நொண்டி.

நிசார் அகமது அதை வாங்கிப் பார்த்தார். முகம் வாடியது. "மேக்கு வெயில் நேரா விழற எடத்துல மாட்டி வெச்சிருந்தேன். நாந்தான் கவனிக்கல. இத இனி யாருக்கும் விக்க மாட்டேன்" என்று உள்ளே கொண்டுபோய்ச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்தச் சாம்பக் கலரு என்ன வெல?"

"அது ஜாஸ்திங்க."

"அந்த நெறத்துக்கா?"

"நெறத்துக்கு இல்லீங்க. கழுத்துக்கு."

மறுபடியும் துண்டு விழுந்தது. இந்த முறை துண்டுக்குள் இரண்டு பூனைகள் சண்டை போடுவது போலிருந்தது. புல்லாங்குழல் வாங்க வந்த ஒருவர் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே போய்விட்டார். கடைசியில் நிசார் அகமது கையை உருவிக்கொண்டார்.

"கன்னு வித்த காசு மொத்தமும் குடுங்க, எடுத்துக்கங்க. இதுக்குக் கீழ எறங்குனா என் வூட்ல எனக்குச் சோறு கெடையாது."

மொத்தமும் என்றால் ஆம்ப் இல்லை. தீர்த்தகிரி மகளைத் தனியே அழைத்தார்.

"பாப்பா, சாயங்காலம் அந்தப் பிரபாகரு ஆம்ப்பு எங்கன்னு கேப்பானே. ஊமையத் தூக்கிட்டுப் போயி என்ன பண்ணுவ? வேற ஒண்ணு மட்டமாப் பாத்து, ஆம்ப்போட வாங்கிக்கலாமா?"

கலைமணி சாம்பல் கிட்டாரின் கழுத்தைவிட்டுக் கையை எடுக்கவில்லை.

"இல்லப்பா. ஆம்ப்ப நாளைக்கி மாத்திக்கலாம். கை ஒரு கழுத்துல பழகிட்டா அத மாத்த முடியாது. கோணக் கழுத்துல பழகுனா கையும் கோணித்தான் போகும். எடம் போனாப் போவட்டும். இதுதான் வேணும்."

எத்தனையோ பழம் தின்று கொட்டை போட்ட தரகர்கள் எண்ணெய்ப் பளபளப்பில் விழுந்ததை அவர் பார்த்திருக்கிறார். இன்றைக்கு அவரே விழுந்தார். இந்தப் பொடிசு விழவில்லை. அந்த நேரத்தில் அவர் சட்டையின் மேல் பித்தான் தெறித்து, எதிரே இருந்த தபலாவின் மேல் விழுந்து 'தொம்' என்றது. பெருமையில் மார்பு விரிந்ததால்தான் என்று அவர் இன்றைக்கும் சொல்கிறார்.

பணம் கைமாறியது. தீர்த்தகிரி கொக்கியில் தொங்கிய, கிட்டாரைத் தோளில் மாட்டும் வாரைக் காட்டினார்.

"அந்தப் பெல்ட்டயும் சேத்துப் போடுங்க பாய்."

"அண்ணே, மாட்ட வித்தா கயிறு யாருக்கு?"

"வித்தவனுக்கு."

"அப்பறம்?"

தீர்த்தகிரி நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். கலைமணி சிரித்த சிரிப்பில் சுவரில் தொங்கிய கிட்டார்களெல்லாம் லேசாக அதிர்ந்தன.

"ஒயரு வேணா சும்மா எடுத்துக்கங்க" என்றார் நிசார் அகமது. "சந்தையில ஒயருக்கு முறை கெடையாது."

*

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது சாயங்காலமாகிவிட்டது. எதிர் மாடியில்தான் பிரபாகரின் ரிகர்சல் அறை. ஜன்னலில் குரு தெரிந்தான். கையில் கம்பி மாற்றி முடித்த கிட்டார்.

தீர்த்தகிரி மாடிப்படியைப் பார்த்தார். மேலே போய், 'ஆம்ப் அடுத்த போகத்துக்கு' என்று கெஞ்சலாமா என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தார்.

"தக்காளி... தக்காளி... நாட்டுத் தக்காளி..."

கூட்டத்துக்கு நடுவே ஒரு குட்டியானை வண்டி நின்றது. மாதம்மாளின் தம்பி மாதவராஜுடையது. கூரை மேல் வாய் பிளந்த குழாய் ஸ்பீக்கரில் அவன் முன்பு பதிவு பண்ணி வைத்த குரல் கூவிக்கொண்டிருக்க, அவன் கீழே எடை போட்டுக்கொண்டிருந்தான்.

கலைமணி நின்றாள். ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா, உங்க ஆம்ப்புல மைக் குத்தற ஓட்ட எங்கிருக்குது?"

"எதுக்குமா? அது தக்காளியத் தவிர வேற எதும் பேசாதே."

"பேச வெக்கறேன். தள்ளுங்க."

மாதவராஜ் அக்கா புருஷனைப் பார்த்தான். "என்ன மாமா இது?"

"தள்ளு மச்சான்" என்றார் தீர்த்தகிரி. "நடை பாக்கப் போறா."

காலிக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள் கலைமணி. ஒயரின் ஒரு முனை கிட்டாருக்கு, மறுமுனை டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த பெட்டிக்கு. திருகைத் திருகினாள். சுண்டினாள்.

அதுவரை ஊமையாக இருந்தது வாயைத் திறந்தது.

கரகரவென்று, தகரத்தை உழுவது போல, ஆனால் சுருதி பிசகாமல் ஒரு குரல். அந்தக் குழாய் ஸ்பீக்கர் பிறந்ததிலிருந்து அதற்காகவே காத்திருந்த மாதிரி அலறியது. கிருஷ்ணகிரி பஸ்ஸுக்குப் போனவர்கள் நின்றார்கள். நின்ற பஸ் அப்படியே நின்றது. கலைமணி அம்மன் பாட்டு ஒன்றைப் பிடித்தாள். அவள் கை கழுத்து நெடுக ஏறி இறங்கியது. எங்கும் தடுக்கவில்லை, எங்கும் ஜிர் இல்லை.

அவசரத்தில் மாதவராஜ் பதிவை நிறுத்த மறந்துவிட்டான். "நாட்டுத் தக்காளி... நாட்டுத் தக்காளி..." என்று அவன் குரலும் உள்ளே சேர்ந்துகொண்டது. தாளம் தப்பவில்லை.

தெருவில் இருந்த பெண்கள் வண்டிச் சத்தம் என்று பையோடு வந்தார்கள். வந்தவர்கள் போகவில்லை. ஒரு அம்மாளுக்குச் சாமி வந்துவிட்டது. ஆடி முடித்து இறங்கினதும் சாமி ரெண்டு கிலோ தக்காளி வாங்கிக்கொண்டு, கொசுறு கேட்டுவிட்டுப் போயிற்று.

பாட்டு முடிந்தபோது பிரபாகர் கீழே வந்து நின்றிருந்தார். கிட்டாரைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

தீர்த்தகிரி முந்திக்கொண்டார். "ஆம்ப்பு கேட்டீங்களே. இதாங்க."

"இந்தக் கரகரப்புக்காக பெங்களூர்ல ஒரு பொட்டி வெல கேட்டேன். வெலயச் சொன்னதும் செருப்பக்கூட மாட்டாம ஓடி வந்துட்டேன்" என்றார் பிரபாகர். கலைமணி பக்கம் திரும்பினார். "கைய எங்கம்மா பழகுன?"

"மாட்டுக் கொட்டாயில சார்."

"எடம் உனக்குத்தான். ஒரே கண்டிசன். திருவிழா அன்னிக்கி இந்த வண்டி மேடைக்குப் பக்கத்துல நிக்கணும்." சற்று யோசித்தார். "அந்தத் தக்காளிக் குரலு யாருது? அதுவும் வரட்டும்."

மாதவராஜ் தராசுத் தட்டைக் கீழே போட்டான்.

மாடி ஜன்னலில் குருவைக் காணோம். பின்படி வழியாகப் போயிருப்பான்.

தீர்த்தகிரி கூட்டத்தைப் பார்த்தார். "யாரோட பொண்ணு அது?" என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. இருந்தாலும் அவர் நடுவில் போய் நின்று, "ம்" என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கேட்கட்டுமே.

*

இருவரையும் மாதவராஜ் வண்டியிலேயே கொண்டுவந்து இறக்கினான். மாதம்மாள் வாசலில் நின்றிருந்தாள். முதலில் அவள் பார்த்தது கிட்டாரை அல்ல.

"சட்டப் பித்தான் எங்கீங்க?"

ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

"பெருமையில தெறிச்சுப் போச்சு" என்றார் தீர்த்தகிரி.

"பழைய பித்தான்" என்றாள் மாதம்மாள். மகளின் பக்கம் திரும்பினாள். "வாசிச்சது நீதான?"

"உனக்கெப்படிம்மா தெரியும்?"

"இங்க வரைக்கும் கேட்டுச்சே. என் தம்பி ஸ்பீக்கரு எனக்குத் தெரியாதா? ஆனா அவன் ஸ்பீக்கர்ல அழகா ஒண்ணு கேட்டது இன்னிக்கித்தான்."

"அக்கா!" என்றான் மாதவராஜ்.

அவள் அவனைக் கண்டுகொள்ளவில்லை. கிட்டாரை வாங்கிக் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "மேடையில ஒக்காந்துக்கிட்டா வாசிப்ப? தோள்ல மாட்ட வார் எங்க?"

"கயிறு வித்தவருக்கேன்னு கடைக்காரரு சொல்லிட்டாரும்மா" என்று கலைமணி சிரித்தாள்.

மாதம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இரு" என்று கிட்டாரை மகளிடம் கொடுத்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் போனாள். திரும்பி வரும்போது ஆணியில் தொங்கிய பழைய கயிறு அவள் கையில் இருந்தது.

அவளுக்குப் பின்னால் செவலையும் வந்தது.

கழுத்தில் நஞ்சம்மாளின் புதுக் கயிறு ஒரு சாண் நீளத்துக்கு அறுந்து தொங்கியது. வாயில் எந்த ஊர் வேலியிலிருந்தோ பிடுங்கிய கொடி.

"கொஞ்ச முன்ன வந்துச்சு" என்றாள் மாதம்மாள். "இங்க எனக்குக் கேட்ட சத்தம் பஞ்சப்பள்ளியில அதுக்குக் கேக்காதா? அத்துக்கிட்டு வந்திருக்குது. தானா வூடு தேடி வந்த மகாலச்சுமிய நான் தொரத்த மாட்டேங்க, சொல்லிட்டேன்." கையிலிருந்த கயிற்றை நீட்டினாள். "இருக்கறது ஒரு கயிறு. கிட்டாருக்குக் கட்டறதா, கன்னுக்குக் கட்டறதா? நீங்களே சொல்லுங்க."

தீர்த்தகிரி கயிற்றைப் பார்த்தார். கன்றைப் பார்த்தார். கன்று விற்ற காசெல்லாம் மகள் கையில் சாம்பல் நிறமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். நஞ்சம்மாள்.

வாசற்படியில் உட்கார்ந்து கலைமணி கிட்டாரை லேசாகச் சுண்டினாள். ஆம்ப் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. கொசு இருமும் சத்தம்தான். போன் அதைவிடச் சத்தமாக அடித்தது.

செவலை காதை மட்டும் அவள் பக்கம் திருப்பியது. அசைபோடுவதை நிறுத்தவே இல்லை.